போலீஸ் பொறுப்புடைமை: சென்னை மாநகரம்

மாநகரப் போலீஸ் தன் செய்கைகளுக்குப் பிரஜைகளின் முன் கணக்குக் கொடுக்கக் கடமைப்பட்டது என்பதும், அக்கணக்கு எவரும் பார்க்கும்படி திறந்திருக்க வேண்டும் என்பதும் சென்னையில் ஏறக்குறைய 170 ஆண்டுகளாக வழக்காடப்பட்டு வரும் கொள்கைகள். அவ்வழக்கின் மையத்தில் நிற்பது ஒரே கேள்விதான்: அடிபட்டவன் போய் முறையிட வேண்டிய இடம் அடித்தவனுடைய கச்சேரியேயாக இருக்கலாமா?

கும்பினி ஆட்சியில் தாசில்தாரிடமே வரி வசூலும் போலீஸ் அதிகாரமும் சேர்ந்து குடியிருந்தன. ஆதலால் வரிபாக்கிக்காகவும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்வதற்காகவும் நடந்த சித்திரவதைகளை விசாரிக்க வேண்டியவரும், அவற்றை நடத்தியவரும் பல சமயம் ஒருவராகவே இருந்தனர். கஜுலு லட்சுமிநரசு செட்டியார் முன்னின்று 1852இல் தோற்றுவித்த சென்னை சுதேசிகள் சங்கம் இக்குறைகளைப் பிரிட்டிஷ் பார்லிமெண்டு வரை எடுத்துச் சென்றது. டான்பி சீமோர் என்னும் பார்லிமெண்டு அங்கத்தினர் 1853இல் நேரில் வந்து விசாரித்துத் திரும்பிய பின், 1854 ஜூலையில் அச்சபையில் எழுந்த விவாதத்தின் விளைவாகச் சென்னை ராஜதானிச் சித்திரவதை விசாரணைக் கமிஷன் நியமிக்கப்பட்டது. ரயிலில்லாத அக்காலத்தில் கால்நடையாய் வந்தவர்களும் கடிதம் விடுத்தவர்களுமாகச் சேர்ந்து அதன்முன் வைத்த முறையீடுகள் 1,959. விரல்களைக் கட்டைகளுக்கிடையே வைத்து நெரிக்கும் கிட்டியும், கழுத்தையும் கால்விரலையும் கயிற்றால் பிணைத்து மனிதனை வளைத்து நிறுத்தும் அண்ணாந்தாளும் 1855இல் வெளிவந்த அவ்வறிக்கையில் விரிவாகப் பதிவாயின. 1857இல் கார்ல் மார்க்ஸ் நியூயார்க் பத்திரிகையொன்றில் எழுதிய கட்டுரைக்கும் அந்த அறிக்கையே ஆதாரம்.

அக்கமிஷனில் நார்ட்டன், ஸ்டோக்ஸ் ஆகியோருடன் அமர்ந்தவர் எட்வர்டு எலியட்; இன்று பெசன்ட் நகர்க் கடற்கரைக்குப் பெயர் தந்திருப்பவர் அவரே. சென்னையின் தலைமை மாஜிஸ்திரேட்டாகவும் போலீஸ் சூப்பிரண்டாகவும் ஒருங்கே பதவி வகித்தவர் அவர் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கமிஷனின் நேர்மையை இதனால் குறைத்துச் சொல்வதற்கில்லை. கீழ்ச்சிப்பந்திகளின் கொடுமையை அது மறைக்கவில்லை. ஆயினும் ஐரோப்பிய மேலதிகாரிகளுக்கு அதில் பங்கில்லை என்று அது தீர்த்துச் சொன்ன இடத்தில், ஒரு ஸ்தாபனம் தன்னைத்தானே விசாரிக்கும்போது பார்வை எவ்வளவு உயரத்தோடு நின்றுவிடுகிறது என்பது தெரிகிறது.

விளைவுகள் விரைந்து வந்தன. 1856ஆம் ஆண்டின் 13ஆவது சட்டம் மூன்று ராஜதானி நகரங்களின் போலீஸையும் ஒழுங்குபடுத்தியது. 1859ஆம் ஆண்டின் 24ஆவது சட்டம் ஜில்லாக்களில் போலீஸை ரெவின்யூ இலாகாவினின்று பிரித்தது. போலீஸாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் குற்றவாளிக்கு எதிரான சாட்சியமாகாது என்ற விதி 1861இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இடம்பெற்று, 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவாக நிலைபெற்றது. 2023ஆம் ஆண்டின் புதிய சட்டமும் அதைக் கைவிடவில்லை. 1888இல் மாநகரத்துக்கெனத் தனிப் போலீஸ் சட்டம் பிறந்து கமிஷனரின் அதிகாரத்தை விரித்துரைத்தது. 1902இல் அமைந்த பிரேசர் கமிஷன் தேச முழுமைக்கும் போலீஸைக் கடிந்து எழுதிற்று. சுதந்திரத்துக்குப் பின் 1977 முதல் 1981 வரை தர்மவீரா தலைமையிலிருந்த தேசியப் போலீஸ் கமிஷன் எட்டு அறிக்கைகள் தந்தது. அவை நெடுங்காலம் அலமாரியில் உறங்கின.

வெளிப்படைத்தன்மையில் தமிழ்நாடு ஒருவகையில் முந்திக்கொண்டது. மத்திய சட்டத்துக்கு எட்டாண்டு முன்பே, 1997இல், தகவலறியும் உரிமைக்கு இங்கே சட்டம் செய்யப்பட்டது. மாநில மனித உரிமை ஆணையமும் அவ்வாண்டே நிறுவப்பட்டது. மறைபொருளை ஊரறியச் சொல்வது பெருமையென்று கொள்ளும் மரபு இந்நாட்டுக்குப் புதிதன்று. திருக்கோஷ்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்து பெற்ற மந்திரப்பொருளை, சொன்னால் நரகம் என்று விதித்திருந்தும், அவ்வூர்க் கோயிலின் மேலேறி நின்று ராமாநுஜர் அனைவருக்கும் அறிவித்தார் என்பது வைணவர் வழிவழியாகப் போற்றிவரும் வரலாறு. ஆனால் அரசாங்கமோ, 2008இல் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறையைத் தகவலறியும் சட்டத்தின் எல்லைக்கு வெளியே நிறுத்தியது.

சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்புகள் காவல் நிலையத்தின் ஏடுகளையே குறிவைத்தன. டி.கே. பாசு வழக்கில் (1996) கைது செய்வோர் பெயர்ப்பட்டை அணியவும், சாட்சியின் கையொப்பத்தோடு கைதுக் குறிப்பு எழுதவும், உறவினருக்குத் தெரிவிக்கவும் விதிக்கப்பட்டது. 2016இல், நுட்பமான வழக்குகள் நீங்கலாக, முதல் தகவல் அறிக்கைகளை இணையத்தில் வெளியிடுமாறு கட்டளை பிறந்தது. ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி பிரகாஷ் சிங் தொடுத்த வழக்கின் 2006ஆம் ஆண்டுத் தீர்ப்பு, போலீஸார்மீதான புகார்களை ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமையிலான ஆணையங்கள் விசாரிக்க வேண்டும் என்றது. தமிழ்நாடு 2013இல் இயற்றிய சட்டத்திலோ, மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளர் தலைவரானார், டி.ஜி.பி. அங்கத்தினரானார்; மாவட்டத்தில் கலெக்டரும் எஸ்.பி.யும் அமர்ந்தார்கள். தீர்ப்பின் உயிர்நாடி இதில் அறுபட்டது என்பதே இக்கட்டுரையாளரின் துணிபு: எலியட் வகித்த இரட்டைப் பதவி வேறு பெயரில் மீண்டும் வந்துவிட்டது.

ஆகவே, பெரிய சம்பவங்கள் யாவும் நியாயஸ்தலத்தின் வாசலுக்கே வந்து சேர்ந்தன. 2009 பிப்ரவரி 19ஆம் தேதி சென்னை ஐகோர்ட்டு வளாகத்துள்ளேயே போலீஸாரும் வக்கீல்களும் மோதிக்கொண்டதை ஸ்ரீகிருஷ்ணா குழு விசாரித்தது. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் அடிபட்ட தந்தையும் மகனும் மாண்டபோது, கேமராக் காட்சிகள் நாள்தோறும் தாமாகவே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை மாஜிஸ்திரேட் கண்டார். சாட்சியத்தைக் காக்க, அக்காவல் நிலையத்தையே ரெவின்யூ அதிகாரிகளின் பொறுப்பில் விடுமாறு ஐகோர்ட்டின் மதுரைக் கிளை பணித்தது. 1859இல் எந்த இலாகாவினின்று போலீஸ் பிரிக்கப்பட்டதோ, அதே இலாகா 161 ஆண்டுகளுக்குப் பின் போலீஸுக்குக் காவலாக நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில், எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியோடு பதியும் கேமராக்கள் வேண்டும், பதிவுகளை ஓராண்டுக்குக் குறையாமல் காக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. 2022 ஏப்ரலில் சென்னை தலைமைச் செயலகக் காலனிக் காவல் நிலையத்தில் நேர்ந்த மரணம், பிரேதப் பரிசோதனையில் காயங்கள் வெளிப்பட்ட பிறகு கொலை வழக்காகி, போலீஸார் கைதாயினர்.

திருக்கோஷ்டியூர் அடங்கிய சிவகங்கை மாவட்டத்திலேயே, 2025 ஜூனில், மடப்புரம் பத்ரகாளியம்மன் கோயிலின் இளங்காவலாளி ஒருவர், காரிலிருந்த நகை காணாமற்போன புகாரில், சீருடையற்ற தனிப்படையினரின் விசாரணையில் அடிபட்டு இறந்தார். மறைந்திருந்து கைப்பேசியில் எடுக்கப்பட்ட காட்சி வெளிவந்தது, ஐந்து போலீஸார் கைதாயினர், வழக்கு சி.பி.ஐ. வசம் சென்றது. மதுரைக் கிளையோ மாவட்ட நீதிபதி ஒருவரை விசாரிக்கப் பணித்ததோடு, கேமராப் பதிவுகளைப் பத்திரப்படுத்தி அவர் கையிலேயே ஒப்படைக்குமாறு ஆணையிட்டது.