கல்கத்தாவுக்குள் ஒரு ஸ்காட்லாந்து



பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பை நாடிக் கடல் கடந்து சென்ற மக்களின் வரலாற்றில் தமிழருக்கு நீண்டதோர் இடம் உண்டு. அதனோடு ஒருவாறு ஒப்பிட்டுப் பார்க்கத் தக்கது ஸ்காட்லாந்து மக்களின் வரலாறு. குளிரும் பாறையும் மிகுந்த சிறிய நாடு, நிலம் குறைவு, பிள்ளைகள் பலர். ஆகவே படித்த இளைஞர்கள் வெளியேறினர். அவர்களுள் கணிசமானோர் வந்து சேர்ந்த நகரம், 2001 முதல் கொல்கத்தா என்று அதிகார முறையில் வழங்கும் இந்தக் கல்கத்தா.

எடின்பரோ, கிளாஸ்கோ, டண்டீ முதலிய புகழ்பெற்ற ஸ்காட்லாந்து நகரங்களைக் குடும்பத்துடன் சென்று காண்பது நம்மில் பலருக்கு எட்டாத செலவு. ஆனால் அந்நகரங்களின் ஒரு பகுதி இங்கேயே கிடக்கிறது. கரியாஹாட்டிலும், இராஷ்பிகாரி அவென்யூவிலும், ஏரிச்சந்தையைச் சூழ்ந்த தெருக்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஒரு சனி, ஞாயிறு இரு நாள்களில் அதனைச் சுற்றிப் பார்த்துவிடலாம். நாங்கள் பிள்ளைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு அவ்வாறு சென்று வந்தோம். அவ்வழியையும், வழியிற் கண்ட வரலாற்றையும் இங்கே எடுத்துரைக்கிறோம்.

முதற்கண் ஒரு கேள்வி எழும். ஆங்கிலேயர் ஆண்ட நகரில் ஸ்காட்லாந்துக்காரருக்கு என்ன தனி இடம்? 1707-ஆம் ஆண்டில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒரே நாடாளுமன்றத்தின் கீழ் இணைந்தன. அதன் பின்னர்க் கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகங்கள் ஸ்காட்லாந்து இளைஞருக்கும் திறந்தன. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்திய விவகாரங்களைக் கண்காணித்த குழுவில் பெருஞ் செல்வாக்குப் பெற்றிருந்தவர் ஹென்றி டண்டாஸ் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். அவர் தம் நாட்டவர் பலருக்கு இங்கே வேலை தேடிக் கொடுத்தார். எடின்பரோவில் மருத்துவம் கற்றவர்கள் கம்பெனியின் வைத்தியர்களாக வந்தனர். கணக்கர், வணிகர், படைவீரர், பாதிரிமார் பின் தொடர்ந்தனர்.

சனிக்கிழமை காலையில் கரியாஹாட் சந்திப்பிலிருந்து வடக்கே பாலிகஞ்ச் ஃபாரி வழியாகப் பார்க் சர்க்கஸ் நோக்கிச் செல்லும் பேருந்தில் ஏறினோம். சிறிது தொலைவே பயணம். அங்கே கராயா சாலையில் உயர்ந்த மதிலுக்குள் இருப்பது ஸ்காட்லாந்துக் கல்லறைத் தோட்டம். 1820-இல் ஏற்படுத்தப்பட்ட இத்தோட்டம் ஏறத்தாழ ஆறு ஏக்கர் பரப்புடையது. காவலரிடம் அனுமதி பெற்று உள்ளே நுழைந்தால் வெளியிலுள்ள இரைச்சல் அடங்கிவிடுகிறது. நாட்டு விடுதலைக்குப் பிறகு நெடுங்காலம் கேட்பாரற்றுப் புதர் மண்டிக் கிடந்த இந்த இடத்தைச் செப்பனிடும் பணி 2008-இல் அதற்கென ஓர் அறக்கட்டளை தோன்றிய பின் தொடங்கியது.

கல்லறைகளைப் படித்துக்கொண்டே சென்றோம். டண்டீ, பெய்ஸ்லி என்று பிறந்த ஊர்ப் பெயரைப் பொறித்த கற்கள் உண்டு. எங்கோ ஓர் ஊரின் பெயரைச் சொல்லாமல் உறங்க மனமில்லை போலும்! எங்கள் மகளுக்கோ வேறொன்று கண்ணிற் பட்டது. அவள் வயதுகளைக் கணக்கிடத் தொடங்கினாள். இருபத்து நான்கு, பத்தொன்பது, இரண்டு, எட்டு மாதம். "இவ்வளவு சிறியவர்களா, அப்பா?" என்று கேட்டாள். வாந்திபேதியும் காய்ச்சலும் அக்காலத்தில் இந்நகரில் எவரையும் விடவில்லை. பொருள் ஈட்டித் திரும்புவோம் என்று கப்பலேறியவர்களில் பலருக்குத் திரும்பும் கப்பல் கிடைக்கவில்லை.

அங்கிருந்து டல்ஹௌசி சதுக்கம் சென்றோம். சனிக்கிழமைப் பிற்பகலில் அலுவலகக் கூட்டம் குறைந்திருக்கும். முதியோரை அழைத்துச் செல்ல அதுவே ஏற்ற நேரம். எழுத்தர் மாளிகையை அடுத்து வெண்மையாக உயர்ந்து நிற்பது புனித ஆண்ட்ரூ தேவாலயம். ஸ்காட்லாந்தின் காவல் புனிதர் ஆண்ட்ரூ. அவருடைய திருநாளாகிய நவம்பர் 30-இல், 1815-ஆம் ஆண்டு இதற்கு அடிக்கல் நாட்டினர்; 1818-இல் வழிபாடு தொடங்கிற்று. உயர்ந்த கோபுரம் எழுப்பும் உரிமை இங்கிலாந்துத் திருச்சபைக்கே உரியது என்று அப்போதைய ஆங்கிலப் பேராயர் மிடில்டன் வாதாடினாராம். ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஜேம்ஸ் பிரைஸ் விடவில்லை. கோபுரத்தை எழுப்பியதோடு, பேராயரை நோக்கிக் கூவட்டும் என்று உச்சியில் ஒரு சேவலையும் வைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. காற்றின் திசை காட்டும் அச்சேவலைத் தேடிக் கண்டுபிடிப்பதில் எங்கள் பிள்ளைகளுக்குள் பெரும் போட்டி.

சென்னையை அறிந்த நேயர்களுக்கு இக்கட்டடம் புதிதாகத் தோன்றாது. எழும்பூரில் 1821-இல் திறக்கப்பட்ட 'கர்க்' என்னும் புனித ஆண்ட்ரூ தேவாலயம் இதற்கு உடன்பிறப்புப் போன்றது. இலண்டனில் ஜேம்ஸ் கிப்ஸ் என்பார் கட்டிய புனித மார்ட்டின் தேவாலயமே இவ்விரண்டுக்கும் மாதிரி. அந்த கிப்ஸும் அபர்தீன் நகரில் பிறந்த ஸ்காட்லாந்துக்காரரே.

இச்சதுக்கத்தின் பழைய பெயருக்கு உரியவரும் ஒரு ஸ்காட்லாந்துப் பிரபு. எடின்பரோவுக்கு அண்மையிலுள்ள டல்ஹௌசிக் கோட்டையில் பிறந்து, 1848 முதல் 1856 வரை இந்தியாவின் தலைமை ஆளுநராக இருந்தவர். இரயிலும் தந்தியும் அவர் காலத்தில் தொடங்கின என்று பள்ளி நூல்கள் கூறும். ஆண் வாரிசு இல்லாத சுதேச அரசுகளை அவர் விழுங்கியதையும் உடன் சொல்ல வேண்டும். 1855-இல் மன்னர் சிவாஜி மறைந்ததும் தஞ்சை மராத்திய அரச மரபும் அவ்வாறே முடிவுற்றது. 1930-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் வினய், பாதல், தினேஷ் என்னும் மூன்று இளைஞர் எழுத்தர் மாளிகைக்குள் புகுந்து, சிறைத்துறைத் தலைவர் சிம்ப்சனைச் சுட்டுக் கொன்றனர். மூவரும் உயிர் துறந்தனர். விடுதலைக்குப் பின் சதுக்கம் அம்மூவரின் பெயரைப் பூண்டது. ஆளுநரின் பெயர் பேச்சு வழக்கில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வடகல்கத்தா. ஹெதுவாக் குளத்தின் அருகில், அர்க்கார்ட் சதுக்கத்தில் இருப்பது ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரி. விடுமுறை நாளாதலால் வெளியிலிருந்தே கண்டோம். இதனைத் தோற்றுவித்தவர் அலெக்சாந்தர் டஃப். இந்தியா வரும் வழியில் இருமுறை கப்பல் உடைந்து, கையிலிருந்த நூல்களையெல்லாம் கடலுக்குப் பறிகொடுத்து, 1830 மே மாதத்தில் இங்கு வந்து சேர்ந்த இருபத்து நான்கு வயது இளைஞர். அவ்வாண்டு ஜூலை 13-இல் சித்பூர்ச் சாலையில் ஒரு வாடகை வீட்டில் பள்ளியைத் தொடங்கினார். அவ்வீட்டைப் பெற்றுத் தந்தவரும், முதல் மாணவர்களை அழைத்து வந்தவரும் இராஜா ராம்மோகன் ராய்.

டஃப் விரும்பியது மத மாற்றம். அதனை அவர் மறைக்கவில்லை. வங்கச் சமூகத்தில் அதற்குக் கடும் எதிர்ப்பும் இருந்தது. ஆனால் கல்வி தனக்கென ஒரு வழியைத் தேடிக்கொண்டது. பின்னாளில் விவேகானந்தர் என்று உலகறிந்த நரேந்திரநாதர் பயின்றது இக்கல்லூரியில். முதல்வர் வில்லியம் ஹேஸ்டி ஓர் ஆங்கிலக் கவிதையை விளக்கும்போது, அதில் வரும் மெய்மறந்த நிலையை அறிய வேண்டுமானால் தட்சிணேசுவரத்து ராமகிருஷ்ணரைச் சென்று காணுங்கள் என்றாராம். பாதிரியார் ஒருவர் தம் மாணவருக்குக் காளி கோயிலின் வழியைக் காட்டியது வரலாற்றின் விந்தை! சுபாஷ் சந்திரபோஸ் தத்துவம் பயின்றதும் இங்கேதான். இதே திருச்சபை அனுப்பிய ஜான் ஆண்டர்சன் 1837-இல் சென்னையில் தொடங்கிய பள்ளிதான் பின்னர்ச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது.

போக்கு ஒருவழிப் போக்கன்று. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1887-இல் விஞ்ஞானத்தில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பியவர் ஆசாரிய பிரபுல்ல சந்திர ராய். எடின்பரோவிலும் கிளாஸ்கோவிலும் டப்ளினிலும் 1893-இல் மருத்துவத் தகுதி பெற்றுத் திரும்பினார் காதம்பினி கங்குலி அம்மையார்.

பிற்பகலில் ஆற்றைக் கடந்து சிவபூர்த் தாவரவியல் தோட்டம் சென்றோம். 1787-இல் இதனை அமைத்தவர் இராபர்ட் கிட். 1793 முதல் இதனைப் பெருக்கியவர் வில்லியம் ராக்ஸ்பரோ. இருவரும் ஸ்காட்லாந்தினர். ராக்ஸ்பரோ முதலில் சென்னையில் வைத்தியராகப் பணியாற்றியவர். தென்னாட்டுச் செடிகளைக் கற்ற பின்னரே வங்கம் வந்தார். பேராலமரத்தின் நிழலில் கட்டுச்சோற்றை அவிழ்த்து, புளியோதரையும் தயிர்சோறும் உண்டு சற்றே இளைப்பாறினோம்.

வங்கத்துச் சணலை இலண்டனுக்கு எடுத்துக்காட்டியோரில் ராக்ஸ்பரோவும் ஒருவர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எமக்குச் சொற்களின் பயணத்தில் ஓர் ஈடுபாடு உண்டு. சணலைக் குறிக்கும் 'ஜூட்' என்னும் ஆங்கிலச் சொல் கீழைக்கரை மொழிகளிலிருந்து சென்றது. 'கன்னி' என்று ஆங்கிலேயர் சொல்லும் சாக்கு நம் கோணியின் சுற்றமே. சொல் சென்ற வழியில் நாரும் சென்றது. டண்டீ நகரத்தார் திமிங்கில எண்ணெயால் சணலைப் பதப்படுத்தி இயந்திரத்தில் நூற்கக் கற்றனர். 1854-இல் ருஷ்யாவோடு போர் மூண்டு, அந்நாட்டு நார் வரவு தடைப்பட்டபோது டண்டீ செழித்தது. மறு ஆண்டு, 1855-இல், ஹூக்ளிக் கரையிலுள்ள ரிஷ்ராவில் டண்டீயின் இயந்திரங்களோடு முதல் சணல் ஆலை எழுந்தது.

அதன் விளைவு கவனிக்கத் தக்கது. ஆலைகள் பெருகின, அவற்றின் மேலாளரும் மேற்பார்வையாளரும் பெரும்பாலும் டண்டீயிலிருந்து வந்தனர். தொழிலாளரோ பீகார், ஒரிசா, ஐக்கிய மாகாணம், தெலுங்கு நாடு ஆகிய இடங்களிலிருந்து வந்த ஏழை மக்கள். அவர்களுடைய குறைந்த கூலியே கல்கத்தாவின் பலம். 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஹூக்ளிக் கரை டண்டீயை விஞ்சியது. டண்டீயில் தறியோட்டி வாழ்ந்தவர் பெரும்பாலும் பெண்கள்; அவர்கள் வேலை இழந்தனர். தங்கள் ஊர் ஆண்களே தொலைவில் நடத்திய ஆலை, தங்கள் வீட்டு அடுப்பை அணைத்தது. இலாபம் பெற்றவர் வேறு. உழைத்தவர் இரு கரையிலும் நலிந்தனர். 1947-இல் நாடு பிரிந்தபோது சணல் விளையும் வயல்களின் பெரும்பகுதி கிழக்கிலும், ஆலைகள் மேற்கிலும் ஆயின. டண்டீயின் கடைசி ஆலையும் 1990-களின் இறுதியில் மூடப்பட்டது.

ஆகக் கூடி, ஸ்காட்லாந்தினர் இந்நகரில் விட்டுச் சென்றவை எவை? ஆண்டவரின் பெயரை நகரம் நீக்கிவிட்டது. பொருள் ஈட்டியவரின் பெயர் கல்லில் இருக்கிறது. அதனைப் படிப்பார் அரியர். நகரம் தன் விருப்பால் போற்றிக் காத்த ஒரு பெயரை இறுதியாகச் சொல்ல வேண்டும். அது டேவிட் ஹேர்.

ஹேர் கடிகாரம் பழுது பார்ப்பவர். 1800-இல் தம் இருபத்தைந்தாம் வயதில் இங்கு வந்து தொழில் நடத்திப் பொருள் ஈட்டினார். பின்னர்க் கடையை விற்றுவிட்டு, ஊர் திரும்பாமல், அப்பொருளையும் தம் காலத்தையும் வங்கச் சிறுவரின் கல்விக்குச் செலவிட்டார். 1817-இல் இந்துக் கல்லூரி தோன்ற உழைத்தோருள் அவர் ஒருவர். மாணவன் பள்ளிக்கு வராவிட்டால் மருந்துப் பெட்டியோடு அவன் வீடு தேடிச் செல்வாராம். 1842 ஜூன் 1-ஆம் நாள் வாந்திபேதியால் மறைந்தார். மத நம்பிக்கை அற்றவர் என்று கூறிக் கிறித்தவக் கல்லறையில் அவருக்கு இடம் மறுத்தனர். கல்லூரிச் சதுக்கத்தில், தாம் உழைத்த பள்ளியின் எதிரிலேயே அடக்கமானார். கொட்டும் மழையில் மாணவரும் பெற்றோரும் திரளாகப் பின் சென்றனர். 1877-இல் அவருடைய வரலாற்றை நூலாக எழுதியவர் பியாரி சாந்த் மித்ரா என்னும் வங்காளி. ஹெதுவாவிலிருந்து திரும்பும் வழியில் நாங்கள் அச்சமாதியின் முன் நின்றோம். கராயாத் தோட்டத்தில் தம்மவரோடு அவருக்கு இடமில்லை. வந்த ஊரார் தம்மவராக ஏற்றுக்கொண்டனர்.

வெளி மாநிலங்களில் வாழும் நாமும் சங்கம் அமைக்கிறோம், கோயில் கட்டுகிறோம், நம் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறோம். இவை வேண்டியவையே. அவற்றோடு, நாம் வாழும் தெருவின் பிள்ளைக்கு நம்மால் ஆனது யாது என்னும் கேள்வியும் நம் கூட்டங்களில் எழவேண்டும். கல்கத்தாவுக்கு வெளியே வாழும் நேயர்கள் தத்தம் நகரிலேயே இத்தகைய வழி ஒன்றை வகுத்துக்கொள்ளலாம். பம்பாயில் இருப்போர் ஸ்காட்லாந்தினரான ஜான் வில்சனின் கல்லூரியிலிருந்து தொடங்கலாம். பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். கற்களிலுள்ள வயதுகளை அவர்களே கூட்டிப் பார்க்கட்டும்.