சம்பளமும் சக்கரமும்



பாரிட் புந்தார் வட்டாரத்துத் தோட்டங்களில், முன்பு பால் வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்த வாசலில் இப்போது கார் நிற்கிறது. சில வீடுகளில் அப்பாவுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று என்று இரண்டு நிற்கின்றன. இதைக் கண்டு மகிழத்தான் வேண்டும். மூன்று தலைமுறையாகப் பிறர் வண்டிகளுக்குப் பால் வெட்டிய கைகள் இன்று ஸ்டியரிங் பிடிக்கின்றன. ஆயினும் மாதக் கடைசியில் அதே வீட்டில் மளிகைக் கடைக் கணக்கு நிற்கிறது. பிள்ளையின் புத்தகக் காசு அடுத்த மாதத்திற்குத் தள்ளிப் போகிறது. சம்பளத்தில் எத்தனை பங்கை வண்டிக்குக் கொடுக்கலாம் என்ற கேள்வியை இன்றைய உரையில் எடுத்துக் கொள்வோம். இதற்கு விடை தேட நாம் கார் கடைக்குப் போக வேண்டியதில்லை. நம் சொந்த வரலாற்றுக்குள் போனாலே போதும்.

நம்மவர் இந்த மண்ணில் கட்டிய முதல் தவணை எது தெரியுமா? கப்பல் கட்டணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிரியான் மாவட்டத்திலும், ஆற்றுக்கு அப்பால் செபராங் பிறை பக்கத்திலும் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அவற்றில் வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நம் முன்னோர் வந்தனர். கப்பல் செலவும் ஊரில் வாங்கிய முன்பணமும் அவர்கள் கணக்கில் கடனாக எழுதப்பட்டன. கூலியிலிருந்து அது பிடிக்கப்பட்டது. கடன் தீரும்வரை, ஒப்பந்தக் காலம் முடியும்வரை, தோட்டத்தை விட்டுப் போக முடியாது. உழைப்பதற்கு முன்பே உழைப்பு விற்கப்பட்டிருந்தது. 1907-இல் முதலாளிகளிடம் வரி வசூலித்துத் தொழிலாளரின் பயணச் செலவை ஏற்கும் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. 1910-இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிக்கப்பட்டது. அதன்பிறகுதான் கப்பல் கடன் என்னும் விலங்கு கழன்றது. நாளைய கூலியை இன்றே எழுதிக் கொடுத்தவன் நாளைக்குச் சுதந்திரமாக இருக்க முடியாது என்பதை நம் முன்னோர் பட்டுத் தெரிந்து கொண்டனர்.

அந்தக் காலத்திலேயே கரும்பு போய் ரப்பர் வந்து கொண்டிருந்தது. 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டு போனார். மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் சில நம் பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் நடப்பட்டன. 1888-இல் ஜான் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தார். 1908-இல் அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு 'மாடல் டி' என்னும் காரை 850 டாலர் விலையில் வெளியிட்டார். 1920-களின் நடுவில் அதே கார் 300 டாலருக்கும் குறைவாகக் கிடைத்தது. கார் பெருகப் பெருக டயர் வேண்டும். டயருக்குப் பால் வேண்டும். பால் வெட்ட ஆள் வேண்டும். நாம் இங்கே இருப்பதற்கே கார்தான் காரணம் என்று சொன்னாலும் மிகையாகாது. 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலக ரப்பரில் ஏறத்தாழப் பாதியை மலாயா கொடுத்தது. அதில் பெரும்பகுதி அமெரிக்கச் சாலைகளில்தான் ஓடித் தேய்ந்தது.

அந்தக் கார்களை அமெரிக்கக் குடும்பங்கள் எப்படி வாங்கின என்பது நாம் அறிய வேண்டிய கதை. ஹென்றி ஃபோர்டுக்குக் கடன் பிடிக்காது. 1923-இல் அவர் ஒரு திட்டம் கொண்டு வந்தார். வாரம் ஐந்து டாலர் சேர்த்து வாருங்கள். முழு விலையும் சேர்ந்ததும் காரை எடுத்துப் போங்கள் என்றார். நம் பாட்டி உண்டியலில் போட்டுச் சேர்த்த முறைதான் அது. ஆனால் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1919-லேயே, கார் வாங்குவோருக்குக் கடன் கொடுப்பதற்கென்று தனி நிறுவனம் தொடங்கியிருந்தது. இன்றே எடுத்துப் போங்கள், பிறகு கட்டுங்கள் என்றது அது. மக்கள் எதை விரும்பினார்கள் என்று சொல்ல வேண்டுமா? 1920-களின் இறுதியில் அமெரிக்காவில் விற்ற கார்களில் பாதிக்கு மேல் தவணையில் போயின. 1928-இல் ஃபோர்டும் கடன் கொடுக்கத் தனி நிறுவனம் ஏற்படுத்த வேண்டியதாயிற்று.

1929-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. வேலை போகத் தொடங்கியது. அன்றைய தவணை முறையில் கட்டத் தவறினால் காரும் போகும், அதுவரை கட்டிய பணமும் போகும். ஆகவே தவணையைக் காப்பாற்றுவதற்காகக் குடும்பங்கள் மற்றச் செலவுகளைச் சுருக்கின. துணிக்கடையும் மரச்சாமான் கடையும் வெறிச்சோட, அந்த வேலைகளும் போயின. தவணைக் கடன்தான் அந்த முதல் வீழ்ச்சியை அவ்வளவு ஆழமாக்கியது என்று கருதும் பொருளாதார வரலாற்று ஆய்வாளர் உண்டு. 1929-இல் அமெரிக்கா 53 லட்சம் வண்டிகள் செய்தது. 1932-இல் அது 14 லட்சத்துக்கும் கீழே இறங்கியது.

இந்த இடி எங்கே வந்து விழுந்தது? நம் லயத்தில்தான். 1920-களின் இறுதியில் பல மாவட்டங்களில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று நாள் கூலி நிர்ணயிக்கப்பட்டிருந்தது. ரப்பர் விலை சரிந்ததும் அந்தக் கூலி வெட்டப்பட்டது. பிரட்டுக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்கு வேலையில்லை என்ற நிலை பல தோட்டங்களில் வந்தது. 1930 முதல் சில ஆண்டுகளுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். கார் என்ற ஒன்றில் ஒருமுறைகூட ஏறி உட்காராத மக்கள், எங்கோ ஒரு நாட்டின் கார்த் தவணைக்கும் சேர்த்து விலை கொடுத்தார்கள்.

நேயர்களே, தவணை என்றாலே தீமை என்று இதனால் எண்ணிவிடக் கூடாது. நம்மவரைத் தலைநிமிரச் செய்த தவணையும் ஒன்று உண்டு. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் ஆங்கிலேயக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றனர். தோட்டத் துண்டாடல் என்று நம் பெரியவர்கள் இன்றும் வேதனையோடு நினைவுகூர்வது அதைத்தான். துண்டான தோட்டத்தில் வேலையும் போயிற்று, குடியிருந்த லயமும் போயிற்று. அப்போது நம் பேராக், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி கட்டுங்கள், நாமே தோட்டம் வாங்குவோம் என்று தோட்டம் தோட்டமாகச் சென்று பேசினார். அன்றைக்கு நாள் கூலியே சில வெள்ளிதான். பத்து வெள்ளி என்றால் பல நாள் பால் வெட்டு. வயிற்றைக் கட்டித்தான் கொடுத்தார்கள். 1961-இல் கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அதன்பின் வேறு பல தோட்டங்களும் சங்கத்தின் சொத்தாயின.

இப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். கப்பல் தவணை, போன பயணத்துக்குக் கட்டியது. கட்டி முடித்தபோது கையில் ஒன்றுமில்லை. சங்கத் தவணை, வருங்காலத்துக்குக் கட்டியது. கட்டி முடித்தபோது காலடியில் நிலம் இருந்தது. கார்த் தவணை எந்தப் பக்கம் சேரும்? நிலம் இருக்க இருக்க விலை ஏறும். கார் கடையை விட்டு வெளியே வந்த அன்றே விலை இறங்கத் தொடங்கிவிடும். ஆகவே காரை எவ்வளவு குறைந்த காலத்துக்கு, எவ்வளவு சிறிய பங்குக்குக் கட்டுகிறோமோ அவ்வளவுக்கு நல்லது.

நம் நாட்டில் தவணை வண்டிக்குத் தனிச் சட்டமே உண்டு. அது 1967-ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டம். பெயரைக் கவனியுங்கள். கடைசித் தவணை கட்டும்வரை நாம் வண்டியை வாடகைக்குத்தான் வைத்திருக்கிறோம். உரிமை கடன் கொடுத்தவருடையது. அடுத்தடுத்து இரண்டு தவணை தவறினால், முறையான அறிவிப்புக் கொடுத்து, அதில் சொன்ன காலம் கடந்தபின் வண்டியை எடுத்துப் போகச் சட்டம் இடம் தருகிறது. முக்கால் பங்குக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவு வேண்டும்.

1985-ஆம் ஆண்டு நம் வட்டாரத்துக்கு மறக்க முடியாத ஆண்டு. அந்த ஜூலையில் நாட்டின் முதல் காரான புரோட்டோன் சாகா வெளிவந்தது. செப்டம்பரில் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. 1994-இல் சருகுமானின் பெயர் தாங்கிய சின்னக் கார் கன்சில் வந்தது; வடக்கு தெற்கு நெடுஞ்சாலையும் அதே ஆண்டில் முழுமை பெற்றது. தோட்டத்துப் பிள்ளைகள் பினாங்குத் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். சைக்கிள் இருந்த வீட்டில் மோட்டார் சைக்கிள் வந்தது. மோட்டார் சைக்கிள் இருந்த வீட்டில் கார் வந்தது. இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தோட்டத்து லாரியை எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை. இந்த நன்மையை நாம் குறைத்துச் சொல்ல மாட்டோம்.

ஆனால் தவறு எங்கே நேர்கிறது என்பதை நம் சொந்த அனுபவத்திலிருந்தே சொல்லலாம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முடித்து வேலைக்கு வந்த புதிதில், நாமும் ஏழாண்டுத் தவணையில் புதுக் கார் எடுத்தோம். விற்றவர் மாதத் தவணையை மட்டும் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். நாமும் அதை மட்டுமே பார்த்தோம். சில மாதம் கழித்து, பால் வெட்டியே நம்மைப் படிக்க வைத்த அம்மா ஒருநாள் கேட்டார்: "ஏப்பா, மாசம் இதுக்கு மொத்தம் எவ்வளவு போவுது?" கணக்கு வாத்தியாருக்குப் பதில் தெரியவில்லை. நாள்காட்டித் தாளின் பின்புறம் இருவரும் எழுதிப் பார்த்தோம். தவணை, பெட்ரோல், காப்புறுதி, சாலை வரி, எண்ணெய் மாற்றுவது, டயர், டோல். கூட்டிப் பார்த்தால் கைக்கு வரும் சம்பளத்தில் பாதியை நெருங்கியது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஆண்டு தங்கை சேர விரும்பிய கணினி வகுப்பு மறு ஆண்டுக்குத் தள்ளிப் போனது. அந்தத் தாளை நாம் இன்றும் வைத்திருக்கிறோம்.

இனி ஒரு கணக்குப் போடுவோம். கடன் 36,000 வெள்ளி, வட்டி ஆண்டுக்கு 3 விழுக்காடு என்று எடுத்துக்காட்டாக வைத்துக் கொள்வோம். பல பத்தாண்டுகளாக நம் நாட்டில் வாகனக் கடன் வட்டி, தொடக்கத்தில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி ஆண்டுவரை கணக்கிடப்பட்டு வந்தது. ஆண்டுக்கு 1,080 வெள்ளி. ஐந்தாண்டு என்றால் வட்டி 5,400. மாதத் தவணை 690. ஒன்பதாண்டு என்றால் வட்டி 9,720; மாதத் தவணை ஏறத்தாழ 423. தவணை சிறுத்தது என்று மகிழ்கிறோம். ஆனால் 4,320 வெள்ளி கூடுதலாகக் கொடுக்கிறோம். எட்டாம் ஆண்டில் வண்டி பட்டறைக்கு அலையும்போதும் தவணை நிற்காது.

நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025-இல் 1,700 வெள்ளியானது. சேமநிதியும் மற்றப் பிடித்தங்களும் போகக் கைக்கு வருவது ஏறத்தாழ 1,500. வண்டிச் செலவு முழுவதும் சேர்த்து, கைக்கு வருவதில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது நம் கருத்து. அப்படியானால் ஒருவர் சம்பாதிக்கும் வீட்டுக்கு 300 வெள்ளி. அது மோட்டார் சைக்கிளுக்கான கணக்கு. புதுக் காருக்கான கணக்கன்று. இருவர் சம்பாதிக்கும் வீட்டுக்கு 600 வெள்ளி. அதில் 423 தவணைக்கே போனால், பெட்ரோலுக்கும் மற்றதற்கும் மிஞ்சுவது 177. பினாங்குக்கு நாள்தோறும் போய் வருபவருக்கு இது போதுமா என்பதை நீங்களே சொல்லுங்கள். அதே வீட்டார் பழைய கார் ஒன்றுக்கு 15,000 வெள்ளி கடன் எடுத்து, 4 விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டில் கட்டினால் தவணை 300. மீதி 300 ஓட்டச் செலவுக்கு நிற்கும். பட்டறைக்காரர் ஒருவரை அழைத்துப் போய்ப் பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

ஐந்தில் ஒன்று என்பது கல்லில் எழுதிய விதியன்று. வண்டியாலேயே பிழைப்பவருக்குக் கணக்கு வேறு. இரயிலோ தொழிற்சாலைப் பேருந்தோ கிடைப்பவருக்கு அதைவிடக் குறைவாகவே போதும். ஆனால் ஒரு வரம்பை வீட்டார் எல்லோரும் உட்கார்ந்து பேசி வைத்துக் கொள்ள வேண்டும், கடைக்குப் போவதற்கு முன்பே. ஏற்கெனவே சிக்கியவர்கள் வங்கிக் கடிதத்தை அலமாரியில் மறைக்க வேண்டாம். பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த ஏகேபிகே என்னும் கடன் ஆலோசனை நிறுவனம் கட்டணமின்றி வழி சொல்கிறது. முதல் தவணை தவறும்போதே போங்கள்.

புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்க உதவிய பத்து வெள்ளியைக் கொடுத்தவர்களில் பலர் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாத தொழிலாளர். தங்கள் காசு எங்கே போகிறது, என்னவாகத் திரும்பி வரும் என்று மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அடுத்த முறை தவணைத் தாளில் கையெழுத்துப் போடும் முன், ஒரு நாள்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்புறத்தில் முழுச் செலவையும் எழுதுங்கள். வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம் அதைக் காட்டுங்கள்.