நகைச்சுவையின் எல்லையும் பொதுமக்கள் சீற்றமும்

லண்டனின் வெம்பிளி அரங்கில் 1993 டிசம்பரில் ராப் நியூமன், டேவிட் படீல் என்ற இரு நகைச்சுவையாளர்கள் சுமார் 12 ஆயிரம் ரசிகர்கள் முன்னிலையில் நிகழ்ச்சி நடத்தினர். இசை நிகழ்ச்சிகளுக்குப் பெயர்பெற்ற அந்த அரங்கை நகைச்சுவையாளர்கள் நிரப்பியது அதுவே முதல் முறை.

நுழைவுச்சீட்டு வாங்கி அரங்குக்குள் செல்பவர், தாம் எத்தகைய பேச்சைக் கேட்கப்போகிறோம் என்பதை ஓரளவு அறிந்தே செல்கிறார். ஆனால் உரிமக் கட்டணத்தில் இயங்கும் ஒலிபரப்பில் அதே பேச்சு இடம்பெற்றால் பொறுப்பு யாருடையது? 2008ஆம் ஆண்டில் பிரிட்டனில் இக்கேள்வி பெரும் சர்ச்சையாக வெடித்தது.

தொலைபேசியில் விடப்பட்ட செய்தி

அவ்வாண்டு அக்டோபர் 18ஆம் தேதி பிபிசி ரேடியோ 2இல் ரஸ்ஸல் பிராண்டின் நிகழ்ச்சி ஒலிபரப்பானது. அதில் அவரும் ஜோனதன் ராஸும், ‘ஃபால்டி டவர்ஸ்’ தொடரில் மேனுவலாக நடித்துப் புகழ்பெற்ற 78 வயது நடிகர் ஆண்ட்ரூ சாக்ஸின் தொலைபேசியில், அவரது பேத்தியைப் பற்றி ஆபாசமான செய்திகளைப் பதிவுசெய்தனர். நிகழ்ச்சி நேரலையன்று, முன்கூட்டியே பதிவானது. நீக்குவதற்கு வாய்ப்பிருந்தும் அப்பகுதி நீக்கப்படவில்லை.

தொடக்கத்தில் வந்த புகார்கள் இரண்டே. ஒரு வாரத்துக்குப் பின்னர் ‘மெயில் ஆன் சண்டே’ இதனைச் செய்தியாக்கியதும் புகார்கள் 40 ஆயிரத்தைக் கடந்தன. பிரதமர் கார்டன் பிரவுனும் கண்டனம் தெரிவித்தார். பிராண்டும், ரேடியோ 2இன் தலைவர் லெஸ்லி டக்ளஸும் பதவி விலகினர். ராஸ் 12 வாரங்கள் ஊதியமின்றி இடைநிறுத்தப்பட்டார்.

ஒலிபரப்பைக் கேட்டிராதவர்களே புகார் செய்தவர்களில் பெரும்பாலானோர் என்றும், இத்தகைய அழுத்தம் துணிச்சலான நகைச்சுவையை முடக்கிவிடும் என்றும் ஒரு தரப்பினர் வாதிட்டனர். ஆனால் 2009 ஏப்ரலில் ஒலிபரப்பு ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்காம், தனிநபர் அந்தரங்கம் மீறப்பட்டதையும் சுட்டிக்காட்டி, பிபிசிக்கு ஒன்றரை லட்சம் பவுண்டுகள் அபராதம் விதித்தது.

தமிழ் மேடையின் அனுபவம்

தமிழகத்திலும் இவ்விவாதம் பழையது. எம்.ஆர்.ராதா 1950களில் அரங்கேற்றிய ராமாயண நாடகம் பக்தர்களிடையே கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. 1954ஆம் ஆண்டில் அன்றைய சென்னை மாநில அரசு நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர்நீதிமன்றம் ரத்துசெய்தது 2013இல்தான். எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் அத்தீர்ப்பு வந்தது.

இரு நிகழ்வுகளிலும் மக்கள் புண்பட்டனர். ஆயினும் ராதா கேலிசெய்தது சமூகத்தில் வலுவாக வேரூன்றிய நம்பிக்கைகளை. பிராண்டும் ராஸும் கேலிசெய்தது ஒரு பெண்ணின் அந்தரங்கத்தை. முன்னதில் அரசு, மேடையேறும் முன்னரே தடுக்கும் அதிகாரத்தைக் கையிலெடுத்தது. பின்னதில் ஒரு சுயாதீன அமைப்பு, ஒலிபரப்பான பின்னர் விசாரித்துக் காரணங்களை வெளியிட்டது.

ஆகவே, எத்தனை பேர் சினந்தனர் என்பது மட்டும் படைப்புச் சுதந்திரத்தின் எல்லையைத் தீர்மானிக்க முடியாது. காயப்பட்டது ஒரு கருத்தா அல்லது ஒரு மனிதரின் உரிமையா, அதைத் தீர்மானிப்பவர் யார் என்ற கேள்விகளே முதலில் எழுப்பப்பட வேண்டியவை.