பகிர்வுக்கும் பரிசோதனைக்கும் இடையே: எச்.ஐ.வி. தடுப்பில் சமூக ஊடகத்தின் இடம்

எச்.ஐ.வி. பரிசோதனைக்கு மக்களை அழைக்கும் சமூக ஊடகத் திட்டம் ஒன்று எளிதில் காட்டக்கூடிய கணக்கு, பதிவை எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்பதே. இக்கணக்கு திட்டத்தின் பயனை அளக்காது. சமூக ஊடகத்தின் உண்மையான வலிமை, அஞ்சி ஒதுங்கியிருக்கும் ஒருவர் தம்மைப் போன்ற இன்னொருவரிடம் மறைவாகப் பேச வழி செய்வதில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

லிமா தரும் சான்று

பெரு நாட்டின் லிமா பகுதியில் 2012-இல் நடந்த சோதனை இதற்கு வலுவான ஆதாரம். ஆண்களோடு பாலுறவு கொள்ளும் ஆண்கள் 556 பேர் சமவாய்ப்பு முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். இரு பிரிவினரும் ஃபேஸ்புக் குழுக்களில் இருந்தனர். பரிசோதனை பற்றிய தகவல் இரு பிரிவினருக்கும் கிடைத்தது. ஒரு பிரிவின் குழுக்களில் மட்டும் பயிற்சி பெற்ற சக வழிகாட்டிகள் பன்னிரண்டு வாரம் உரையாடினர். இறுதிவரை தொடர்ந்தவர்களில், வழிகாட்டிகள் இருந்த பிரிவில் 252 பேரில் 43 பேர் (17%) பரிசோதனை செய்துகொண்டனர். மற்றதில் 246 பேரில் 16 பேர் (7%). தளமும் தகவலும் பொதுவாக இருக்க, இந்த வேறுபாட்டை உண்டாக்கியது மனிதத் துணையே.

தமிழகத்துக்கும் இதில் பாடம் உண்டு. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்ற விளம்பரம் ஊரெங்கும் பேசப்பட்டது. பேசத் தயங்கிய பொருளைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது அதன் சாதனை. ஆனால் ‘எனக்கு வந்திருக்குமோ?’ என்று கலங்குபவருக்கு விளம்பரப் பலகை பதில் சொல்ல முடியாது. அந்தப் பதிலைச் சொல்லும் வசதி இன்று கைப்பேசியில் இருக்கிறது. அதையும் வெறும் விளம்பரப் பலகையாகவே பயன்படுத்துவது பெரும் இழப்பு.

கேட்பதும் செய்வதும்

சக உரையாடலுக்கும் எல்லை உண்டு. லாஸ் ஏஞ்சலிஸில் இதே முறையில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், எச்.ஐ.வி. பற்றி உரையாடிய குழுக்களின் 57 பேரில் 25 பேர் வீட்டுப் பரிசோதனைப் பெட்டி கேட்டனர். பொது உடல்நலம் பற்றி உரையாடிய குழுக்களின் 55 பேரில் 11 பேரே கேட்டனர். ஆனால் பரிசோதித்து அஞ்சலில் திருப்பியனுப்பியவர்கள் முறையே 9 பேரும் 2 பேரும்தான். விருப்பத்துக்கும் செயலுக்கும் இடையே பலர் நின்றுவிடுகிறார்கள். அந்த இடைவெளியில்தான் ஒருவர் உடன்வர வேண்டும்: எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தின் வாசல்வரை, முடிவு தெரியும்வரை, தொற்று உறுதியானால் எச்.ஐ.வி. கூட்டு மருந்துச் சிகிச்சை (ஏ.ஆர்.டி.) மையத்தில் பதிவாகும்வரை.

இந்தியாவில் 2004 முதல் அரசு ஏ.ஆர்.டி. மருந்தை இலவசமாக வழங்குகிறது. 2017 முதல் தொற்று உறுதியான எவருக்கும் உடனே சிகிச்சை என்பதே கொள்கை. சிகிச்சையால் இரத்தத்தில் வைரஸ் கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்து, அந்நிலை நீடித்தால் பாலுறவு வழியே தொற்று பரவுவதில்லை. ஒருவருக்கு மட்டும் தொற்றுள்ள 782 ஆண் இணையரை ஐரோப்பாவில் தொடர்ந்து கவனித்து 2019-இல் வெளியான ஆய்வில், சிகிச்சை பெறும் துணையிடமிருந்து மற்றவருக்குத் தொற்றியதாக ஒரு நிகழ்வும் இல்லை. அச்சத்தைத் தணிக்க இதைவிடச் சிறந்த செய்தி இல்லை. பல ஆண்டுகளாக மருந்து எடுத்து நலமாக வாழும் ஒருவர் இதைச் சொல்லும்போது, கேட்பவர் நம்புவதற்குக் காரணம் கண்முன் இருக்கிறது.

மறைகாப்பு என்னும் முன்நிபந்தனை

சக உரையாடலில் பிறக்கும் இந்த நம்பிக்கையை ஒரே தகவல் கசிவு குலைத்துவிடும். தன்பாலீர்ப்பு ஆண்கள் துணை தேடப் பயன்படுத்தும் கிரைண்டர் செயலி, தன் பயனர்களின் எச்.ஐ.வி. நிலையை இரு வெளி நிறுவனங்களோடு பகிர்ந்தது 2018-இல் தெரியவந்தது. சிங்கப்பூரில் 14,200 பேரின் தொற்று விவரங்கள் இணையத்தில் கசிந்ததை 2019-இல் அரசே அறிவித்தது. 2018-இல் நடைமுறைக்கு வந்த இந்திய எச்.ஐ.வி. சட்டம், ஒப்புதலின்றித் தொற்று நிலையை வெளியிடுவதைத் தடுக்கிறது. தகவல்களைப் பதிந்து வைக்கும் நிறுவனங்கள் அவற்றைப் பாதுகாக்கவும் கட்டளையிடுகிறது. ஆனால் வாட்ஸ்அப் குழுவில் ஒருவரைச் சேர்த்த கணமே அவர் எண் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. ஒரே கைப்பேசியைப் பலர் பயன்படுத்தும் வீட்டில் மருந்து நினைவூட்டலே காட்டிக்கொடுத்துவிடும். எனவே குழுவைவிடத் தனி உரையாடலே ஏற்றது. நினைவூட்டலில் நோயின் பெயரோ மையத்தின் பெயரோ இருக்கக் கூடாது. இணையத்துக்கு வர விரும்பாதவர்களுக்கு 1097 என்ற இலவசத் தொலைபேசி உதவி எண்ணும் களப்பணியாளரும் தொடர்ந்து தேவை.

முடிவுரை

இவற்றிலிருந்து இரண்டு பரிந்துரைகள் எழுகின்றன. முதலாவது, இணையவழி சக வழிகாட்டிகளைத் தன்னார்வத் தொண்டர்களாக மட்டும் கருதாமல், பயிற்சியும் முறையான ஊதியமும் பெறும் நலப்பணியாளர்களாக ஏற்க வேண்டும். விளம்பரத்துக்கு ஒதுக்கும் நிதியின் ஒரு பகுதி இவர்களுக்குச் செல்ல வேண்டும். இரண்டாவது, திட்டங்கள் நான்கு எண்களைத் தர வேண்டும்: பரிசோதித்தோர், முடிவை அறிந்தோர், சிகிச்சை தொடங்கியோர், வைரஸ் அளவு கட்டுக்குள் வந்தோர். இந்த நான்கும் உயராத திட்டத்தின் பதிவை இலட்சம் பேர் பார்த்திருந்தாலும், தொற்றோடு வாழும் ஒருவருக்கும் அதனால் பயன் விளைந்ததாகச் சொல்ல முடியாது.