மனசு ஒட்டாத வேலை

வேலையில் மனசு ஒட்டவில்லை என்று நம் ஊர்ப்பக்கம் சொல்வார்கள். நிர்வாகவியல் படித்தவர்கள் இதையே பணிநிறைவு, பணி அழுத்தம், ஊக்கம் என்று தனித்தனிப் பெயர் வைத்துப் பாடம் நடத்துகிறார்கள். கூலி எவ்வளவு, நேரம் எவ்வளவு என்பதோடு தொழிலாளியின் மனசையும் கணக்கில் எடுக்கணும் என்பது அந்தப் பாடம். நியாயம்தான். ஆனால் சாதி இருக்கிற நாட்டில் அந்த மனசை முறிப்பது எது? இதற்குப் பதில் சொன்ன வரலாறு ஒன்று நம்மிடம் இருக்கிறது.

அமெரிக்காவில் சிகாகோ பக்கத்தில் ஹாத்தார்ன் தொழிற்சாலையில் 1924இல் ஓர் ஆய்வு தொடங்கியது. வெளிச்சத்தைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்று பார்த்தார்கள். கூட்டியபோதும் கூடியது, குறைத்தபோதும் கூடியது என்று சொல்லப்பட்டது. 1928இல் வந்து சேர்ந்த எல்டன் மேயோ, தன்னை மதித்து ஒருவர் கவனிக்கிறார், கூட வேலை செய்கிறவர்கள் தன்னைச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்ற உணர்வுதான் தொழிலாளியை இயக்குகிறது என்று விளக்கம் சொன்னார். பின்னாளில் அந்தக் கணக்குகளை மறுபடி பார்த்தவர்கள் சந்தேகம் எழுப்பினார்கள். இருந்தாலும் நிர்வாகப் படிப்பில் இன்றைக்கும் அது பாலபாடம்.

அதே 1928இல் பம்பாய்ப் பஞ்சாலைகளில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஏப்ரலில் தொடங்கி அக்டோபர் வரை நீடித்தது. அந்த ஆலைகளில் கூலி கூடுதலான நெசவுப் பிரிவுக்குள் தீண்டப்படாதார் நுழைய முடியாது. காரணம் என்ன? தார் தீர்ந்து புதுத் தார் போடும்போது நூல் முனையை நாடாவின் கண் வழியாக வாயால் உறிஞ்சி இழுக்கணும். தலித் வாய் பட்ட நூலைச் சாதி இந்துத் தொழிலாளி தொடமாட்டான். இயந்திரம் இங்கிலாந்திலிருந்து வந்தது, எச்சில் தீட்டு மனுவிடமிருந்து வந்தது! முதலாளிக்கு அது சௌகரியம், சங்கத்துக்கு அது கண்ணில் படவில்லை. நெசவுப் பிரிவைத் திறந்துவிடுவதையும் கோரிக்கையில் சேர்க்கணும் என்று அம்பேத்கர் நெருக்கினார். தலைவர்கள் அரைமனசோடுதான் ஒப்புக்கொண்டார்கள். கூட வேலை செய்கிறவர்கள் சேர்த்துக்கொள்வது பற்றி மேயோ யோசித்துக்கொண்டிருந்தபோது, கூட வேலை செய்கிறவனே கதவைச் சாத்தினால் என்ன செய்வது என்ற கேள்வி இங்கே எழுந்துவிட்டது.

பம்பாய் வரைக்கும் போக வேண்டியதில்லை. எருமப்பட்டி, சேந்தமங்கலம், நாமக்கல் சமவெளிக் காடுகளில் மின்மோட்டார் வருமுன் கவலை இறைத்துத்தான் வெள்ளாமை. கவலைக்கு வேண்டிய தோல்பறியைத் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர். தோலைப் பதப்படுத்தி, தண்ணி ஒழுகாமல் தைப்பது லேசான வேலையா? அந்தப் பறியில் வந்த தண்ணியை ஊரே குடித்தது. தைத்தவர் மட்டும் அந்தக் கிணற்றில் இறங்கக் கூடாது. பறிக்குத் தீட்டு இல்லை, கைக்குத் தீட்டு. பேரப்பிள்ளை வயசுப் பையனைச் 'சாமி' என்று கூப்பிட்டுக்கொண்டு, அவன் வாயால் 'டா' கேட்டுக்கொண்டு வேலை செய்தார்கள். தன் கைத்திறமையைத் தானே கொண்டாட முடியாதபடி செய்வதுதான் சாதி. மோட்டார் வந்து பறி போனது. திறமையும் போனது. மிச்சமாக நம் சனத்தின் கையில் வந்து சேர்ந்தது துடைப்பமும் சாக்கடை மண்வெட்டியும்.

படித்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடா சமஸ்தான வேலைக்குப் போனார் அம்பேத்கர். பியூன்கள் கோப்புகளைத் தூரத்திலிருந்து அவர் மேசை மேல் வீசினார்கள் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். தங்க இடமில்லாமல் பார்சிப் பெயரில் பார்சி விடுதியில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள். எப்போது கண்டுபிடிப்பார்களோ என்ற பயத்தோடு தினமும் ஆபீஸ் போய்வருவதற்கு எந்த மனநல வினாத்தாளில் கட்டம் இருக்கிறது?

இந்த அனுபவங்களைப் பார்த்த அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் ஒரு கோட்பாடாகவே சொன்னார். சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலையாட்களையே பிரித்து அடுக்குவது. ஒருவனுடைய விருப்பமோ திறமையோ பார்க்காமல் பிறப்பால் வேலை திணிக்கப்படுகிறது. இழிவென்று முத்திரை குத்தின வேலையில் வெறுப்பும், தட்டிக்கழிக்கிற எண்ணமும்தான் வளரும். மனசும் மூளையும் ஈடுபடாத வேலையில் திறன் எங்கிருந்து வரும் என்று கேட்டார். 'சோம்பேறி', 'குடிகாரன்', 'சொன்ன நேரத்துக்கு வரமாட்டான்' என்று நம்மைத் திட்டுகிற மேஸ்திரிகளுக்கு இதைவிட என்ன பதில் வேணும்? நாத்தத்தைத் தாங்கக் குடிக்கிறோம் என்று நம் அண்ணன்மார் சொல்கிறார்களே, அது குணக்கேடு இல்லை, வேலை போடுகிற தண்டனை.

அதே 1936 நவம்பரில் காந்தி 'ஹரிஜன்' இதழில் இலட்சிய பங்கியைப் பற்றி எழுதினார். மலம் அள்ளுகிறவர் தன் தொழிலின் நுணுக்கம் அறிந்து, அதைப் புனிதமான கடமையாகச் செய்யணும் என்பது அவர் விருப்பம். ஒருவர் வேலையைப் பாராட்டி மனசை ஒட்டவைக்கப் பார்த்தார். மற்றவர் வேலையை விட்டு வெளியேறும் உரிமையைக் கேட்டார். மலம் அள்ளுவதை உன்னதமாக்கி அதிலேயே ஒருவனை நிறுத்திவைப்பதை அம்பேத்கர் 1945இல் கடுமையாகத் தாக்கினார். இன்றைக்குத் துப்புரவுப் பணியாளர் தூய்மைப் பணியாளர் ஆகிவிட்டார். 2019இல் பிரயாக்ராஜ் கும்பமேளாவில் பிரதமரே துப்புரவுத் தொழிலாளர்களின் காலைக் கழுவினார். பேரு மாறியது, காலும் கழுவியாச்சு. கையில இருக்கிற துடைப்பம் மாறலையே!

1938 பிப்ரவரியில் மன்மாடில் ரயில்வே தலித் தொழிலாளர் மாநாட்டில் அம்பேத்கர் பேசினார். தொழிலாளிக்கு இரண்டு எதிரிகள், பார்ப்பனியமும் முதலாளியமும் என்றார். தலித்துகள் கேங்மேனாகவே கிடந்து சாகிறார்கள், போர்ட்டர் வேலைகூடக் கிடைப்பதில்லை. போர்ட்டர் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வேலையும் செய்யணுமே, தீண்டப்படாதவனை எப்படி வீட்டுக்குள் விடுவது? வைசிராய் நிர்வாகக் குழுவில் 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறை அவர் கையில் இருந்தது. தொழிற்சாலையில் வாரத்துக்கு 54 மணி நேரம் என்பது 1946 திருத்தத்தால் 48 ஆனது. நேரமும் கூலியும் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அது மட்டும் போதாது என்றார். 1959இல் அமெரிக்க உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க் கூலியும் சூழலும் அதிருப்தியைத்தான் குறைக்கும், சாதிப்பும் அங்கீகாரமும் வளர்ச்சியும்தான் நிறைவு தரும் என்று எழுதினார். வளர்ச்சி என்பது இங்கே சாதிப் பூட்டு போட்ட கதவு.

கையால் மலம் அள்ளுவதற்கு எதிராக 1993இலும் 2013இலும் சட்டம் வந்தது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இலும், 30 லட்சம் என்று 2023 அக்டோபரிலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. சாவுக்கு விலை கூடுகிறது. சாவு நிற்கவில்லை.

ஆகவே தோழர்களே, உங்கள் பேரூராட்சியிலும் நகராட்சியிலும் மன அழுத்தத்துக்கு யோகா வகுப்பு என்று சொன்னால் முதலில் ஒரு கணக்கு கேளுங்கள். துடைப்பம் பிடிப்பவர்கள் எந்தச் சாதி? எத்தனை வருசமாக ஒப்பந்தக் கூலி? அவர்களில் எத்தனை பேர் மேஸ்திரி ஆனார்கள், எத்தனை பேர் எழுத்தர் நாற்காலியில் உட்கார்ந்தார்கள்? அருந்ததியருக்கு 2009இல் வந்த 3 சதவீத உள்ஒதுக்கீட்டில் அவர்கள் பிள்ளைகள் எந்த வேலைக்குப் போயிருக்கிறார்கள்? இந்தக் கணக்கை எழுதி வாங்கிவிட்டு, அப்புறம் மனசைப் பற்றிப் பேசலாம்.