பயணியின் இரத்தத்தில் ஒரு தீவின் நோய்க்கணக்கு

வெளிநாட்டிலிருந்து வந்த தொற்றுகளை ஒரு நாடு எண்ணுவது பெரும்பாலும் தற்காப்புக்காகவே. திரும்பி வந்தவரின் உடலிலிருந்து உள்ளூர்க் கொசுவுக்கு வைரஸ் தாவிவிடுமோ என்ற அச்சமே அதற்கு அடிப்படை. அச்சம் நியாயமானது: 2016 ஜூலையில் மயாமியின் வின்வுட் பகுதியில் ஜிகா அப்படித்தான் வேர்பிடித்தது. ஆனால் அந்தப் பதிவேட்டை வாசற்காவலுக்கு மட்டுமே வைத்துக்கொள்வது அதன் பாதிப் பயனை வீணாக்குவது என்பது என் வாதம். போய்வந்த ஊரின் நிலைமைக்கும் பயணியே சாட்சி.

இதற்குக் கியூபாவைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன். 2016 பிப்ரவரியில் அந்நாடு ஏறத்தாழ 9,000 படைவீரர்களைக் கொசு ஒழிப்பில் இறக்கியது. அதே ஆண்டு நவம்பரில் உலக சுகாதார அமைப்பு ஜிகா அவசரநிலையை விலக்கிக்கொண்டது. 2017இல் அமெரிக்கக் கண்டத்தில் தொற்று தணிய, உலகின் கவனமும் விலகியது. பான் அமெரிக்கச் சுகாதார அமைப்பின் பொதுப் பட்டியலில் கியூபாவுக்கு 2016இல் 187 தொற்றுகள் இருந்தன. 2017க்குரிய இடத்தில் எதுவும் காணப்படவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பியவர்கள் பயணிகள். ஏனைய நாடுகளிலிருந்து தொற்றோடு வருவோர் அருகிவிட்ட பிறகும், கியூபா சென்று புளோரிடா திரும்பியவர்களிடம் ஜிகா தொடர்ந்து தென்பட்டது.

நேதன் குரூபா, கிறிஸ்டியன் ஆண்டர்சன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2019இல் 'செல்' இதழில் இதை ஆராய்ந்தனர். தொற்றுடன் திரும்பியவர்களின் எண்ணிக்கையை அவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. மொத்தம் எத்தனை பேர் போய்வந்தனர் என்ற கணக்கோடு ஒப்பிட்டனர். வகுக்கும் எண் இல்லாத தொற்று எண்ணிக்கை எதையும் சொல்லாது. பத்துப் பேர் சென்ற ஊரிலிருந்து இருவர் காய்ச்சலோடு வருவதும் பத்தாயிரம் பேர் சென்ற ஊரிலிருந்து இருவர் வருவதும் ஒன்றல்ல. பிற நாடுகளில் பயணிகளின் தொற்றுக்கும் உள்ளூர்த் தொற்றுக்கும் இருந்த விகிதத்தைக் கொண்டு, கியூபாவில் 2017இல் சுமார் 5,707 தொற்றுகள் என மதிப்பிட்டனர். அந்த மதிப்பீட்டின் வீச்சு 1,071 முதல் 22,611 வரை அகன்றது. துல்லியக் கணக்காக அதை மேற்கோள் காட்டுவது தவறு. ஆனால் வெற்றிடம் பூஜ்யமல்ல என்பதை நிறுவ அது போதும்.

மரபணு வரிசைகள் காலத்தையும் காட்டின. வைரஸ் 2016 கோடையிலேயே பலமுறை தீவுக்குள் நுழைந்திருந்தது. பெரும்பரவலோ ஓராண்டு தள்ளியே வந்தது. கொசு ஒழிப்பு அதைத் தள்ளிப்போட்டிருக்கலாம் என்பதே ஆய்வாளர்களின் விளக்கம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது, அந்த உழைப்பைச் சிறுமைப்படுத்தவும் அதில் எதுவும் இல்லை.

பயணிகள் ஒரு நாட்டு மக்களுக்குச் சரியான மாதிரி ஆகமாட்டார்கள் என்பது வலுவான ஆட்சேபம். குளிரூட்டிய விடுதியில் தங்குபவரை ஏடிஸ் கொசு கடிக்கும் வாய்ப்புக் குறைவு. ஆனால் புளோரிடாவில் கியூப வம்சாவளியினர் ஏராளம். உறவினர் வீட்டில் தங்கி, அவர்கள் முற்றத்தில் அமர்ந்து பேசுபவர் அவ்வீட்டாரின் கொசுக்களையே எதிர்கொள்கிறார். எனவே பயணநோக்கத்தையும் தங்கிய இடத்தையும் குறிக்காத படிவம் குறைபட்டதே. ஜிகா தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே தோன்றாது என்பதால், மருத்துவரிடம் வருபவர் சொல்லும் ஒவ்வொரு விவரமும் விலைமதிப்புள்ளது.

சாட்சியம் உரிய இடத்துக்குப் போய்ச்சேரவும் வேண்டும். 2013 ஆகஸ்டில் ஜப்பானைச் சுற்றிவந்த ஒரு பெண்ணுக்கு ஜெர்மனியில் டெங்கு உறுதியானது. பல பத்தாண்டுகளாக உள்நாட்டில் டெங்கு பரவாத நாடு ஜப்பான். செய்தி அங்கே தெரிவிக்கப்பட்டது. மறு ஆண்டு கோடையில் டோக்கியோவின் யோயோகி பூங்காவை மையமாகக் கொண்டு சுமார் 160 பேருக்கு டெங்கு பரவியது. வைரஸின் வகை வேறு. ஆனால் ஜப்பானியக் கோடையில் அங்குள்ள கொசுக்களாலும் அந்நோயைப் பரப்ப முடியும் என்பதை ஓராண்டுக்கு முன்பே ஒரு பயணியின் இரத்தம் சொல்லியிருந்தது.