போடப்படாத வாக்கு: யாழ்ப்பாணமும் தேர்தல் பகிஷ்கரிப்பும், 1931–2024

2005 நவம்பர் 17 அன்று நடந்த ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் வாக்காளர் இடாப்பில் 701,938 பெயர்கள் இருந்தன. வாக்களித்தவர்கள் 8,524 பேர். நூற்றுக்கு ஒன்றேகால் பேர்கூடத் தேறவில்லை. அதே மாவட்டத்துக்குள் அடங்கும் கிளிநொச்சித் தொகுதியில் பதிவானது ஒரேயொரு வாக்கு. அந்த ஒரு வாக்கையும் முறைப்படி எண்ணி, பெறுபேற்றுத் தாளில் ஏற்றி வெளியிட்டார்கள். யாருக்கு விழுந்தது என்பதை நாடே அறிந்துகொண்டது. ஒருவர் மட்டுமே வாக்களித்த இடத்தில் இரகசிய வாக்கெடுப்பு என்ற சொல்லுக்குப் பொருளில்லாமல் போனது.

நாடளாவிய முடிவில் மகிந்த ராஜபக்ச 4,887,152 வாக்குகளையும் ரணில் விக்கிரமசிங்க 4,706,366 வாக்குகளையும் பெற்றனர். இடைவெளி 180,786. வடக்குக் கிழக்கில் மக்கள் சுதந்திரமாக வாக்களிக்க விடப்படவில்லை என்று சொல்லி, அங்கே மீள்வாக்களிப்பு நடத்துமாறு ஐக்கிய தேசியக் கட்சி கேட்டது. தேர்தல் ஆணையாளர் தயானந்த திசாநாயக்க இணங்கவில்லை. எண்ணப்பட்ட வாக்குகளில் எவரும் பெரிதாகக் குறை காணவில்லை. பிணக்கு முழுவதும் போடப்படாத வாக்குகளைப் பற்றியது. வாக்குச் சீட்டுகள் களவு போவதும் பெட்டிகள் மாறுவதும் நமக்குப் பழகிய தேர்தல் மோசடிகள். மக்கள் வீட்டில் இருந்ததையே மோசடி என்று வழக்குரைப்பது இலகுவல்ல. வீட்டில் இருந்தது அவர்களுடைய தீர்மானமா, அவர்கள்மேல் ஏற்றப்பட்ட தீர்மானமா என்ற கேள்வியை இருபது ஆண்டுகள் கழிந்த பின்னும் நாம் வெளிப்படையாகப் பேசத் தயங்குகிறோம். அதைப் பேசவேண்டுமானால் பகிஷ்கரிப்பு என்ற ஆயுதம் குடாநாட்டில் எப்படி உருவாகி, யார் யார் கைக்கு மாறி வந்தது என்பதைப் பார்த்தாக வேண்டும்.

அதன் தொடக்கம் 1931. டொனமூர் ஆணைக்குழுவின் விதப்புரைப்படி அரசாங்க சபைக்குத் தேர்தல் அறிவிக்கப்பட்டது. 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கி வாலிபர் காங்கிரஸாக வளர்ந்த அமைப்பு அப்போது குடாநாட்டு இளைஞரின் மனச்சாட்சியாக இருந்தது. ஹன்டி பேரின்பநாயகம் அதன் முன்னோடி. 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வந்தவர்களும் இவர்களே. முழுச் சுயராச்சியம் தராத யாப்பின் கீழ் தேர்தலில் நிற்பது அவமானம் என்பது அவர்களின் வாதம். அந்த ஆண்டு மே மாதம் நியமனப் பத்திரம் ஏற்கும் நாள் வந்தபோது யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவர்கூட முன்வரவில்லை. நான்கு ஆசனங்களும் வெறுமையாகின.

இந்த நிகழ்ச்சியை ஈழத்து வரலாற்றாசிரியர்கள் பெருமையோடு எழுதுவது வழக்கம். பெருமைக்கு இடம் உண்டு. மதுவுக்கும் சாதிக்கும் எதிராக நின்ற, சிங்கள இளைஞரோடு கைகோத்த, தீவு முழுவதுக்கும் விடுதலை கேட்ட இயக்கம் அது. ஆனால் ஒன்றைக் கவனிக்கத் தவறிவிட்டோம். டொனமூர் யாப்புத்தான் இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் எல்லோருக்கும் வாக்குரிமை தந்தது. நிலமில்லாதவர், கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர், அதுவரை எந்தப் பட்டியலிலும் பெயரில்லாத பெண்கள் எல்லோருக்கும் அது முதல் வாக்கு. வேட்பாளரே இல்லாத தேர்தலில் வாக்காளரிடம் எவரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. 1934இல் இடைத்தேர்தல்கள் நடக்கும்வரை குடாநாட்டின் புதிய வாக்காளர் காத்திருக்க வேண்டியதாயிற்று. மேலிருந்து எடுக்கும் முடிவை மக்களின் மௌனமாகக் காட்டும் வழக்கத்தின் வித்து இங்கேயே விழுந்தது என்று நான் கருதுகிறேன். நோக்கம் உயர்ந்தது என்பதால் இந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை.

1931இல் மன்னார் – முல்லைத்தீவுத் தொகுதியில் நின்று தோற்ற ஜி. ஜி. பொன்னம்பலம், 1934இல் பருத்தித்துறையில் வென்று சபைக்குச் சென்றார். அந்தக் குடும்பத்தை இக்கட்டுரையில் மேலும் இரு தடவை சந்திப்போம்.

அடுத்த ஐம்பது ஆண்டுகளில் குடாநாட்டின் எதிர்ப்பு வேறு வடிவங்களை எடுத்தது. 1961 பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் தொடங்கிய சத்தியாக்கிரகம், ஏப்ரலில் தமிழரசுக் கட்சி நடத்திய தபால் சேவை, அதன்பின் வந்த கைதுகள் எல்லாம் மக்கள் தம் உடலோடு தெருவுக்கு வந்த போராட்டங்கள். தேர்தல் நாளில் அதே மக்கள் வரிசையில் நின்று அதே கட்சிக்கு வாக்களித்தார்கள். வாக்கும் போராட்டமும் அப்போது ஒன்றையொன்று தாங்கி நின்றன.

அந்த இணைப்பை அறுத்தது 1981. யூன் 4 அன்று நடக்கவிருந்த மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்கு முன்னதாக ஐக்கிய தேசியக் கட்சியின் முதன்மை வேட்பாளர் ஆ. தியாகராசா சுட்டுக் கொல்லப்பட்டார். மே 31 இரவு பொலிஸாரின் வெறியாட்டம் தொடங்கியது. யாழ்ப்பாணப் பொது நூலகமும் அதிலிருந்த சுமார் 97,000 நூல்களும் எரிந்தன. தேர்தல் கடமைக்கென்று தெற்கிலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள். வாக்குப் பெட்டிகள் காணாமல் போயின. இத்தனைக்கும் பிறகு தமிழர் விடுதலைக் கூட்டணி பத்து ஆசனங்களையும் வென்றது. வென்றும் பயனில்லை என்று இளைஞர்கள் முடிவுகட்டியதற்கு அந்த வாரம் போதுமானதாக இருந்தது.

முதலாவது ஜனாதிபதித் தேர்தல் 1982 ஒக்டோபர் 20 அன்று நடந்தது. கூட்டணி வேட்பாளரை நிறுத்தாமல் ஒதுங்கியது. ஜி. ஜி.யின் மகன் குமார் பொன்னம்பலம் நின்றார். யாழ்ப்பாணத்தில் அவருக்கு நூற்றுக்கு 40, ஹெக்டர் கொப்பேகடுவவுக்கு 35, ஜே. ஆர். ஜயவர்த்தனவுக்கு 20. வாக்களித்தவர்கள் பாதிக்குச் சற்றுக் குறைவு. கொப்பேகடுவவுக்கு விழுந்த வாக்குகள் வெளியூரார் பலருக்குப் புதிராக இருந்தன. சுன்னாகம் சந்தையைத் தெரிந்தவருக்கு அதில் புதிர் இல்லை. 1970களில் இறக்குமதியைக் கட்டுப்படுத்திய சிறிமாவோ அரசின் விவசாய அமைச்சர் அவர். வெங்காயமும் செத்தல் மிளகாயும் பொன்விலை போன காலம் அது. 1977க்குப் பின் திறந்த பொருளாதாரம் வந்து அந்த விலையை விழுத்தியது. தோட்டக்காரர் அதை நினைவில் வைத்திருந்தார்கள். இரண்டு மாதம் கழித்து, பாராளுமன்றத்தின் ஆயுளை நீடிக்க நடந்த சர்வசன வாக்கெடுப்பில் யாழ்ப்பாணத்தில் பத்துக்கு ஒன்பது வாக்குகள் அதற்கு எதிராக விழுந்தன. வாக்களிக்க விடப்பட்டபோது இந்த மக்கள் எவ்வளவு நுணுக்கமாக வாக்களித்தார்கள் என்பதற்கு 1982ஐ விடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது.

1983 மே மாத உள்ளூராட்சித் தேர்தலை விடுதலைப் புலிகள் பகிஷ்கரிக்கச் சொன்னார்கள், வேட்பாளர்கள் கொல்லப்பட்டார்கள், வாக்களிப்பு நிலையங்கள் வெறிச்சோடின. பகிஷ்கரிப்பு அன்று துப்பாக்கி ஏந்தியவர்களின் கைக்கு மாறியது. அவ்வாண்டு ஓகஸ்டில் வந்த அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் கூட்டணி உறுப்பினர்களைப் பாராளுமன்றத்திலிருந்து வெளியேற்றியது. மிதவாதிகளை இரு பக்கத்தாரும் சேர்ந்தே அப்புறப்படுத்தினார்கள்.

அதற்குப் பின் வந்த ஜனாதிபதித் தேர்தல்களில் எண்களே நிலைமையைச் சொல்லும். 1988இல் இந்திய அமைதிப்படையின் காலத்தில் ஐந்தில் ஒரு பங்கினர் அளவில் வாக்களித்தார்கள். 1994இல் குடாநாடு புலிகளிடம் இருந்தது. தீவுப்பகுதியில் விழுந்த வாக்குகளைச் சேர்த்து நூற்றுக்கு மூன்று. 1999இல் இராணுவக் கட்டுப்பாட்டில் நூற்றுக்கு 19 வரை.

2005க்குத் திரும்புவோம். 2002 போர்நிறுத்தத்தில் ஒப்பமிட்டவர் ரணில். அவருக்கே தமிழர் வாக்கு போகும் என்று கொழும்பு நம்பியிருந்தது. ஆனால் ஏ9 வீதி திறந்ததைத் தவிர வேறெதுவும் கைக்கு வரவில்லை என்ற சலிப்பு குடாநாட்டில் உண்மையாகவே இருந்தது. உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் வீடு வளவு அகப்பட்டவர்கள் திரும்பிப்போக முடியவில்லை. புலிகளிலிருந்து கருணா பிரிந்ததைத் தங்கள் சாதனையாக ஐக்கிய தேசியக் கட்சிப் பிரமுகர்கள் சிலர் தேர்தல் மேடையில் பேசியது எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தது. இராமன் ஆண்டாலென்ன இராவணன் ஆண்டாலென்ன என்ற பழமொழியைத் தேநீர்க் கடைகளில் சொன்னவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையிருக்கவில்லை. நவம்பர் இரண்டாம் வாரத்தில் புலிகளும் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் இந்தத் தேர்தலில் தமிழருக்கு அக்கறை இல்லை என்று அறிவித்தபோது அந்தச் சலிப்புக்கு ஒரு மொழி கிடைத்தது.

அந்தச் சலிப்பு தானாகவே செயற்பட விடப்பட்டதா என்றால், இல்லை. அறிவிப்பில் பகிஷ்கரிப்பு என்ற சொல்லை நேரடியாகப் போடாமல் தவிர்த்தார்கள். தெருவில் அந்தத் தயக்கம் இருக்கவில்லை. பெயர் தெரியாத அமைப்புகளின் துண்டுப் பிரசுரங்கள் வந்தன. வாக்களிப்பு நாளில் வீதிகளில் ரயர்கள் எரிந்தன, கைக்குண்டுகள் வீசப்பட்டன. புலிகளின் பகுதியில் வாழ்ந்தவர்கள் எல்லைச் சாவடி தாண்டி வந்து வாக்களிக்கவென்று இராணுவப் பகுதியில் கொத்தணி வாக்களிப்பு நிலையங்கள் அமைக்கப்பட்டிருந்தன. அவற்றுக்கு ஆட்கள் வரவில்லை. இது திணிக்கப்பட்ட பகிஷ்கரிப்பு என்று ஐரோப்பிய ஒன்றியக் கண்காணிப்புக் குழு எழுதியது. உண்மையான சலிப்பு, உண்மையான அச்சம் இரண்டும் ஒரே வீட்டில், சிலவேளை ஒரே ஆளின் மனத்தில் இருந்தன. ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டி மற்றதை மறைப்பவர்கள் அந்த நாளின் யாழ்ப்பாணத்தைச் சொல்லவில்லை. ஆயினும் விரும்பிய ஒருவர் போய் வாக்களித்துவிட்டு அச்சமின்றி வீடு திரும்ப முடியாத இடத்தில், போகாதவரின் மௌனத்தைச் சம்மதமென்று எடுத்துக்கொள்ள முடியாது. இந்த இடத்தில் எனக்குச் சந்தேகமில்லை.

யாழ்ப்பாணம் வாக்களித்திருந்தால் ரணில் வென்றிருப்பார் என்பது இப்போது மரபுவாக்காகிவிட்டது. அதைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. குடாநாட்டில் விழுந்த சிறுதொகை வாக்குகளில் ரணிலுக்கு நூற்றுக்கு 70, மகிந்தவுக்கு 25. அதே விகிதத்தில் 180,786 என்ற இடைவெளியை யாழ்ப்பாணம் தனியே நிரப்ப வேண்டுமானால் சுமார் நான்கு இலட்சம் பேர் கூடுதலாக வாக்களித்திருக்க வேண்டும். இடாப்பிலிருந்த பெயர்களில் பாதிக்கு மேல் அது. 1995 ஒக்டோபர் இடம்பெயர்வில் வெளியேறி வன்னிக்கும் கொழும்புக்கும் கடல் கடந்தும் போனவர்களின் பெயர்கள் அந்த இடாப்பில் இருந்தபடியே இருந்தன. 2010இல் 721,359 ஆக இருந்த எண்ணிக்கை, 2015 பொதுத் தேர்தலில் 529,239 ஆகக் குறைந்தது. ஆகவே யாழ்ப்பாணம் தனியாக முடிவைப் புரட்டியது என்பது மிகைக்கூற்று.

ஆனால் ஜனாதிபதித் தேர்தலில் வெல்ல அரைவாசிக்கு மேல் வேண்டும். செல்லுபடியான 9,717,039 வாக்குகளில் மகிந்த அந்தக் கோட்டைத் தாண்டியது ஏறத்தாழ 28,600 வாக்குகளால். மற்ற வேட்பாளர்களுக்கு இன்னும் 57,300 வாக்குகள் அளவில் விழுந்திருந்தால் அவர் கோட்டுக்குக் கீழே போயிருப்பார். இரண்டாம் விருப்பு வாக்குகளை எண்ண வேண்டி வந்திருக்கும். இது குடாநாட்டு இடாப்பில் பன்னிரண்டு பேருக்கு ஒருவர்தான். ரணில் வென்றிருப்பாரா என்று எவராலும் சொல்ல முடியாது. முதல் எண்ணிக்கையோடு அலுவல் முடிந்திராது என்று மட்டும் ஓரளவு துணிந்து சொல்லலாம்.

பகிஷ்கரிப்புக்காக மகிந்த தரப்பு புலிகளுக்குப் பணம் கொடுத்தது என்ற குற்றச்சாட்டு, 2007இல் அவரைவிட்டுப் பிரிந்த சகாக்களாலேயே கிளப்பப்பட்டது. நீதிமன்றத் தீர்ப்பு எதுவும் அதை நிலைநாட்டவில்லை. என் பார்வையில் பணக்கதை இந்த விவாதத்தின் மையமும் இல்லை. தேர்தல் முடிந்து பத்தாம் நாள் வந்த புலிகளின் மாவீரர் நாள் உரை, புதிய ஜனாதிபதிக்குச் சிறிது அவகாசம் கொடுப்பதாகச் சொன்னது. டிசம்பரில் குடாநாட்டில் கிளைமோர்கள் வெடித்தன. மாணவர்களும் ஆசிரியர்களும் நடந்த ஊர்வலத்தின்மீது படையினர் சுட்டார்கள். 2006 ஓகஸ்டில் முகமாலையில் ஏ9 பாதை மூடப்பட்டது. அரிசியும் மருந்தும் கப்பலை நம்பிய காலம் தொடங்கியது. வாக்களிக்க விடப்படாதவர்களே அந்த விலையைக் கொடுத்தார்கள்.

போர் முடிந்தபின் 2010 ஜனவரியில் நடந்த தேர்தலில் நான்கில் ஒருவரே வாக்களித்தார். அவர்களில் நூற்றுக்கு 64 பேர், போரை நடத்திய இராணுவத் தளபதி சரத் பொன்சேகாவைத் தேர்ந்தார்கள். அவர் முடிவை ஏற்க மறுத்து, பெப்ரவரியில் கைதானார்; அதற்காகக் கொழும்பில் ஆர்ப்பாட்டங்கள் நடந்தபோது யாழ்ப்பாணம் அமைதியாக இருந்தது. 2015இல் வாக்களிப்பு மூன்றில் இரண்டாக உயர்ந்து, மைத்திரிபால சிறிசேனவுக்கு 253,574 வாக்குகள் போயின. 2019இல் பல்கலைக்கழக மாணவர்கள் ஐந்து தமிழ்க் கட்சிகளை ஒரே மேசைக்குக் கொண்டுவந்து பதின்மூன்று கோரிக்கைகளில் ஒப்பமிட வைத்தார்கள். ஜி. ஜி.யின் பேரன் கஜேந்திரகுமாரின் கட்சி அதில் ஒப்பமிடாமல் பகிஷ்கரிக்கச் சொன்னது. இந்தமுறை எவரும் ரயர் எரிக்கவில்லை. கேட்டவர் கேட்டார், கேளாதவர் வாக்களித்தார். 1931க்குப் பிறகு பகிஷ்கரிப்பு மறுபடியும் ஓர் அபிப்பிராயமாகியது.

2024இல் அதே கட்சி மீண்டும் பகிஷ்கரிப்பைக் கோரியது. வேறு சில கட்சிகளும் சிவில் அமைப்பினரும், வாக்களிக்காமல் இருப்பதைக் காட்டிலும் வாக்கிலேயே மறுப்பைப் பதியலாம் என்று பா. அரியநேத்திரனைச் சங்குச் சின்னத்தில் பொது வேட்பாளராக நிறுத்தினார்கள். தமிழரசுக் கட்சி சஜித் பிரேமதாசவை ஆதரித்தது. யாழ்ப்பாணத்தில் சஜித் 121,177, அரியநேத்திரன் 116,688. நாட்டில் எவரும் அரைவாசியைத் தொடவில்லை. செப்ரெம்பர் 22 அன்று இலங்கை வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் விருப்பு எண்ணப்பட்டது. சங்குக்கு நேரே ஒன்று என்று இட்டிருந்த சீட்டுகளையும் அதிகாரிகள் மறுபடி விரித்தார்கள். அநுர குமார திசாநாயக்கவுக்கோ சஜித்துக்கோ அவற்றில் அடுத்த எண் ஏதும் இடப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள்.